இரண்டு லை

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் சித்தப்பாவின் அச்சகம் இருந்தது. எண்பதுகளின் தொடக்கம். தை பிறந்துவிட்டால் அங்கே கல்யாணப் பத்திரிகை தவிர வேறு வேலை கிடையாது. டிரெடில் ஓடும் சத்தம், எழுத்துக் கழுவும் மண்ணெண்ணெய் வாசனை, கேஸ் முன்னால் நின்றபடியே கையில் ஸ்டிக்கோடு எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் மாமா.

எம்.ஜி.ஆர். அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகு வந்த காலம் அது. பெரியார் 1935இலேயே குடிஅரசில் கையாண்ட வடிவங்கள்தான். பதின்மூன்று எழுத்துகள் மாறின. தும்பிக்கை தூக்கிய லை போய், கை, மை போல முன்னால் இணைக்கொம்பு வைத்த லை வந்தது. அரசாங்கத்துக்கு ஓர் ஆணை போதும். அச்சகத்தில் பழைய ஈய எழுத்துகளை என்ன செய்வது? சின்ன எழுத்தைச் சித்தப்பா உடனே மாற்றிவிட்டார். தலைப்புக்கான பெரிய எழுத்து விலை அதிகம். அதனால் அதில் இரண்டு வடிவமும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் கிடந்தன.

கல்யாணப் பத்திரிகைக்கென்றே பொறுக்கி எடுத்து மாற்றியதுபோல் இருக்கும் அந்தப் பதின்மூன்றும். உச்சியில் 'முருகன் துணை' என்றால் ணை. மாப்பிள்ளைக்கு ளை. முகூர்த்தம் காலை, வரவேற்பு மாலை. பெற்றோருக்கு றோ. அனைவரையும் அழைத்தால் னை. பெரியவர்கள் வந்தால், "தம்பி, சாமி பேருக்குக் கீழே பழைய எழுத்தே இருக்கட்டும்" என்பார்கள். மாமாவும் சரி என்பார். பெரிய எழுத்தில் பழைய லை நாலைந்துதான் தேறும். ஆகவே ஒரே பத்திரிகையில் காலைக்குத் தும்பிக்கை இருக்கும், மாலைக்கு இருக்காது. சம்பந்தி வீட்டார் யாரும் அதைச் சண்டையாக்கியதில்லை. சாப்பாட்டுப் பந்தியில் அவர்களுக்கு வேறு விஷயங்கள் இருந்தன.

சீர்திருத்தம் சரியானதுதான். தட்டச்சுக்கும், எழுத்துப் பழகும் பிள்ளைக்கும் அது பெரிய உபகாரம். ஆனால் அந்தச் சுழிப்புகள் இருக்கவேண்டிய இடம் தலைப்பு. பத்தி எழுத்தில் நெரிசலாகத் தெரிந்த ணை, பெரிய அளவில் வந்தால் தானே ஓர் அலங்காரம். ஓரத்தில் பூவேலை பிளாக்கே வேண்டாம். பட்டையாக, ஒரே தடிமனில் வரும் இன்றைய விளம்பர எழுத்துகளில் எனக்கு அந்த நிறைவு கிடைப்பதில்லை.

கணினியில் இதற்கு ஈயமும் வேண்டாம், அறையும் வேண்டாம். யூனிகோடில் பழைய லைக்கும் புதிய லைக்கும் குறியீடு ஒன்றுதான். உருவத்தைத் தீர்மானிப்பது எழுத்துரு. லோகித் தமிழ் கிளாசிக்கல் போட்டால் அதே தட்டலில் தும்பிக்கை எழுந்துவிடும். சமீபத்தில் வீட்டுக் கல்யாணத்துக்கு உச்சி வரியை மட்டும் அப்படிப் போடச் சொன்னேன். புரூப் பார்த்த பையன் 'துணை'யைச் சிவப்பில் வட்டமிட்டு, "சார், எழுத்துப் பிழை" என்று அனுப்பியிருந்தான்.