ஒரே செயின்ல ரெண்டு பேர்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று சங்கச் செயலாளர் விரட்டியபோது, கவிதை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. (கவிதைப் பக்கம் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது என்றும் கேள்வி!) அதனால் நமக்குத் தெரிந்த சைக்கிளைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

என் தாய்மாமா கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் 28 வருஷம் டர்னர். அவர் கடைந்து கொடுத்த ஷாஃப்டை மறுபடி அளந்து பார்க்கவே மாட்டார்களாம். அந்த மனுஷனுக்கு வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவது மாதிரி தானாக ஆட ஆரம்பித்தது. "டீயைக் குறைங்க" என்றார் அத்தை. குறைத்தார். ஆட்டம் குறையவில்லை. அப்புறம் நடை சின்னச் சின்ன அடியாகச் சுருங்கியது. கையெழுத்தும் சுருங்கியது. பேங்க்கில் கையெழுத்து ஒத்துப்போகலேன்னு செக்கைத் திருப்பிக் கொடுத்த அன்றுதான் பெரிய டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். பார்க்கின்சன் நோய் என்றார். நம் ஊர்ப் பேச்சில் நடுக்குவாதம்.

இதை முதன்முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817-ல். மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகின்றன. வெளியே கை ஆடத் தெரியும்போதே உள்ளே பெரும்பங்கு போய்விட்டிருக்கும். மெக்கானிக்கல்காரன் பாஷையில் சொன்னால் மோட்டார் நன்றாக இருக்கிறது, ஸ்டார்ட்டர்தான் மக்கர். அடியோடு குணமாக்கும் மருந்து இல்லை. 1960-களில் வந்த லெவோடோபாதான் இன்றைக்கும் முக்கிய மாத்திரை. இதில் நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள ஒரு சங்கதி உண்டு. நம் வேலியோரம் படரும் பூனைக்காலி விதையிலிருந்து இதே லெவோடோபாவை 1937-ல் பிரித்துக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த தாமோதரனும் ராமசாமியும். (அதற்காக விதையைப் பறித்துத் தின்னக் கிளம்பிவிடாதீர்கள். அளவு தெரியாத மருந்து விஷம்.)

சரி, சைக்கிள் எங்கே வந்தது?

ஹாலந்து நாட்டில் நைமேகன் என்ற ஊரில் பாஸ் புளூம் என்று ஒரு நரம்பியல் டாக்டர். அவரிடம் 58 வயது நோயாளி ஒருவர் வந்தார். பத்து வருஷ வியாதி. நாலு எட்டு வைத்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும், விழுந்துவிடுவார். அவர் போகிற போக்கில் "நேத்து பத்து கிலோமீட்டர் சைக்கிள் விட்டேன்" என்று சொல்ல, டாக்டர் நம்பவில்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு சைக்கிளைக் கொடுத்தார்கள். ஏறினார், ஜம்மென்று ஓட்டினார், திருப்பினார், வந்தார். இறங்கியதும் மறுபடி கால் ஒட்டிக்கொண்டது! 2010-ல் ஒரு பெரிய மருத்துவப் பத்திரிகையில் இது வந்தது. வீடியோவை மாமாவுக்குப் போனில் காட்டினேன். மூன்று தடவை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

அமெரிக்காக் கதை இன்னும் சுவாரசியம். அங்கே அயோவா மாநிலத்தை மேற்கிலிருந்து கிழக்கே ஒரு வாரத்தில் கடக்கும் சைக்கிள் பயணம் ஒன்று 1973-ல் தொடங்கி, வழக்கமாக ஜூலையில் நடக்கிறது. கிளம்பும்போது பின் சக்கரத்தை மிசௌரி ஆற்றில் நனைத்து, முடிவில் முன் சக்கரத்தை மிசிசிப்பியில் நனைப்பார்கள். 2003-ல் ஜே ஆல்பர்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், இந்த நோய் வந்த தன் தோழியைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு, ரெண்டு பேர் மிதிக்கும் டான்டெம் சைக்கிளில் போனார். பார்க்கின்சனைப் பற்றி வழியிலுள்ள ஊர்களுக்குச் சொல்வதுதான் நோக்கம். ஆனால் நடுவழியில் அந்தம்மா ஒரு பிறந்தநாள் அட்டையில் எழுதியபோது, சுருங்கிப் போயிருந்த கையெழுத்து நன்றாக விரிந்திருந்தது!

ஏன்? இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருகிறது. டான்டெமில் ரெண்டு கிராங்க்கையும் ஒரே பல் எண்ணிக்கையுள்ள செயின் வீல் போட்டு ஒரு செயினால் இணைத்திருப்பார்கள். நடுவில் ஃப்ரீவீல் கிடையாது. முன்னால் இருப்பவர் என்ன ஆர்.பி.எம்.மில் மிதிக்கிறாரோ, பின்னால் இருப்பவர் காலும் அதே ஆர்.பி.எம்.மில் சுற்றித்தான் ஆகணும். தானாக மிதித்தால் வராத வேகம் அது. ஆல்பர்ட்ஸ் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில் பத்து நோயாளிகள், எட்டு வாரம், வாரத்துக்கு மூன்று நாள். டான்டெமில் 80-90 சுற்று மிதித்தவர்களுக்கு உடல் அசைவு மதிப்பெண் 35 சதவீதம் தேறியது. தன் இஷ்டத்துக்கு மிதித்தவர்களுக்குத் தெம்பு கூடியதே தவிர அந்த மதிப்பெண் நகரவில்லை. பத்துப் பேர் ரொம்பக் கம்மி, வாஸ்தவம். ஆனால் 2019-ல் புளூம் குழு 130 பேரை வைத்துச் செய்த ஆய்விலும், வீட்டில் நிற்கும் சைக்கிளை ஆறு மாதம் மிதித்தவர்கள் சும்மா கை கால் நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

இதையெல்லாம் ஹாஸ்டலில் சொன்னேன். பதினோரு பேர் சேர்ந்தோம். கோவையிலிருந்து பொள்ளாச்சி போய்த் திரும்பி, மாத்திரை வாங்க முடியாதவர்களுக்குப் பணம் திரட்டுவது என்று முடிவு. ஒருத்தன் மட்டும் கேட்டான்: "ஆளுக்கு ஐநூறு போட்டுக் குடுத்துட்டுப் போலாமே, எதுக்குடா எண்பது கிலோமீட்டர் மிதிக்கணும்?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எனக்குக் கிணத்துக்கடவு டீக்கடையில்தான் கிடைத்தது. சைக்கிளில் கட்டியிருந்த அட்டையைப் படித்துவிட்டு ஒரு அக்கா வந்து, "தம்பி, எங்க வீட்டுக்காரருக்கும் கை இப்படித்தானுங்க ஆடுது. குடிச்சாத்தான் ஆடும்னு ஊரே பேசுது. அவரு குடிக்கவே மாட்டாருங்க" என்றார். எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். உண்டியலில் பத்து ரூபாயும் போட்டார். ஐநூறு ரூபாயைக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தால் அந்த அக்காவைப் பார்த்திருக்கவே மாட்டோம். வசூல் மொத்தம் 14,350 ரூபாய். மாமா பயிற்சிக்குப் போகும் பிசியோதெரபி நிலையத்தில், மருந்துக்கென்று ரசீது வாங்கிக்கொண்டு கொடுத்தோம்.

இருந்தாலும் எனக்கு ஒரு குறை. மிதித்தது நாங்கள். தொடை வலியும் எங்களுக்கு, ஆரோக்கியமும் எங்களுக்கு! நோயாளி பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டுகிறார். அயோவாவில் அப்படி இல்லையே. ஆகவே வீடுகளில் துருப்பிடித்துக் கிடந்த ரெண்டு பழைய சைக்கிளைக் கொண்டுவந்து, ஆங்கிள் அயர்ன் ஸ்டாண்டில் முன்னும் பின்னுமாக நிறுத்தினோம். இடது பக்கக் கிராங்க்குகளில் 44 பல் செயின் வீல்களை வெல்டு வைத்து, ரெண்டு செயினைக் கோர்த்து ஒன்றாக்கினோம். டாக்டரும் பிசியோ மேடமும் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் ஆளை ஏற்றினோம். யாராவது செய்வதாக இருந்தால் அவர்கள் சம்மதம் இல்லாமல் செய்யாதீர்கள். கால் மாட்டினால் அந்தச் செயின் நிற்காது.

முன்னால் மாமா, பின்னால் நான். போன் டைமரை வைத்து எண்பது சுற்று. முதல் நாள் ஆறு நிமிஷத்தில் கை காட்டிவிட்டார். இப்போது இருபத்தைந்து நிமிஷம் தாங்குகிறார். கை ஆட்டம் நின்றுவிட்டதா என்றால், இல்லை. கையெழுத்து? இன்னும் எறும்புதான். ஆனால் ராத்திரி தூங்குகிறார், வாசற்படியில் நின்றுபோவது குறைந்திருக்கிறது என்கிறார் அத்தை. மிதித்ததனாலா, டாக்டர் மாத்திரையை மாற்றியதனாலா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

இரண்டாவது வாரம் மிதித்துக்கொண்டிருக்கும்போதே திரும்பிப் பார்த்து, "மாப்ள, செயின் தொங்குது. ஐட்லர் ஒண்ணு போடணும். அதுக்கு ஒரு புஷ் கடையணும்" என்றார். ஒர்க்‌ஷாப் சாரிடம் அனுமதி வாங்கி மாமாவைக் கூட்டி வந்தோம். லேத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கையைத் தொடைக்கடியில் அழுத்தி வைத்துக்கொண்டு, டூலை எப்போது இழுக்க வேண்டும் என்று சத்தத்தை வைத்தே சொன்னார். நான் கடைந்தேன். முதல் ரெண்டையும் தூக்கிப் போடச் சொன்னார். மூன்றாவதுதான் இப்போது சைக்கிளில் இருக்கிறது.