வெள்ளியின் மேகத்துளி: சூளகிரி நாட்குறிப்பு

ஜனவரி 10, 2025

வெள்ளிக்கோள் இன்று சூரியனிலிருந்து ஏறத்தாழ 47 பாகை விலகி, இந்த மாலைப் பருவத்தின் உச்ச விலக்கத்தை எட்டியுள்ளது. நெடுஞ்சாலை விளக்குகளையும் ஆலை விளக்குகளையும் மீறி, சூளகிரியின் மேற்கு வானில் இரவு 9 மணி வரை தெரிகிறது. தொலைநோக்கியில் அது அரைவட்டமாகத் தோன்றும். சூரியனையும் பூமியையும் வெள்ளியோடு இணைக்கும் இரு கோடுகளுக்கு இடைப்பட்ட கோணத்துக்குக் கட்டக் கோணம் என்று பெயர். அது இன்று ஏறத்தாழ 90 பாகை. கண்ணில் படும் வெண்மை முழுவதும் 48 முதல் 70 கிலோமீட்டர் உயரம் வரை கவிந்திருக்கும் மேகத்தினுடையது; தரையின் ஒரு துணுக்குகூட அதில் இல்லை.

ஜனவரி 13

போகித் தீயின் புகை, சூளகிரி மலையின் கருமையைப் பின்புலமாகக் கொண்டபோது நீலமாகவும், எழும் சூரியனை மறைத்தபோது செம்மஞ்சளாகவும் தெரிந்தது. ஜல்லி கிரஷர்களின் தூசியோ எப்போதும் வெளிறியே இருக்கிறது, சூரியனை நோக்கிப் பார்க்கையில் மட்டும் கண் கூசுமளவுக்கு ஒளிர்கிறது. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய துகள் நீலத்தை மிகுதியாகச் சிதறடிக்கும். பெரிய துகள் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே, பெரும்பாலும் ஒளி செல்லும் திசையிலேயே, சிதறடிக்கும். ஆகவே எந்த நிறம் எந்தக் கோணத்தில் எவ்வளவு வருகிறது என்று அளந்தால், தொடாமலேயே துகளின் பருமனைச் சொல்லிவிடலாம்.

ஜனவரி 26

பருமனைச் சொல்வதோடு நில்லாமல், துகள் எந்தப் பொருளால் ஆனது என்பதையும் சொல்ல வைத்தது தளவிளைவு. சூரியனிலிருந்து வரும் ஒளியில் அலைகள் எல்லாத் தளங்களிலும் சமமாக அதிர்கின்றன. ஒரு துகளில் பட்டுச் சிதறியபின் ஏதேனும் ஒரு தளத்தில் அதிர்வு சற்று மிகுந்துவிடுகிறது; இதுவே தளவிளைவு. போலராய்டு கண்ணாடியைச் சுழற்றினால் வானத்தின் ஒரு பகுதி இருண்டு வெளுப்பது இதனால்தான். பிரெஞ்சு வானியலாளர் பெர்னார் லியோ, 1920-களில், ஆயிரத்தில் ஒரு பங்கு மிகுதியையும் உணரும் கருவியைச் செய்து, வெள்ளியின் கட்டக் கோணம் மாற மாற அதன் ஒளியின் தளவிளைவு எப்படிக் கூடிக் குறைந்து திசை மாறுகிறது என்பதை வளைகோடாக வரைந்து வைத்தார். அந்த வளைகோட்டுக்கு முழு விளக்கம் கிடைக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

இடையில் வேண்டியிருந்த கணிதத்தில் பெரும்பங்கு, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகருடையது. மேகத்துக்குள் புகும் ஒளி ஒருமுறை சிதறி வெளியேறிவிடுவதில்லை. துளிக்குத் துளி பலமுறை சிதறிய பின்பே வெளிவருகிறது. அவ்வாறு பயணிக்கும் ஒளியைத் தளவிளைவோடு சேர்த்துக் கணிக்கும் சமன்பாடுகளை அவர் 1940-களில் வகுத்து, 1950-இல் நூலாக்கினார். கோளின் மேகத்தைக் கணினியில் கணிப்பவர் பலரும் இன்றும் அந்த நூலின் வழியில் நடக்கிறார்கள். வானியலுக்குத் தமிழ் மண் தந்தவற்றுள் இதைத் தலையாயதாகக் கொள்வது மிகையாகாது.

1974-இல் ஜேம்ஸ் ஹான்சனும் நெதர்லாந்தின் ஹோவனியரும், ஒவ்வொரு துளிப் பருமனுக்கும் ஒவ்வொரு ஒளிவிலகல் எண்ணுக்கும், அதாவது பொருளுக்குள் ஒளி எவ்வளவு வேகங்குறைகிறது என்பதைக் காட்டும் எண்ணுக்கும், கணக்கிட்ட வளைகோடுகளை அளவீடுகளோடு ஒப்பிட்டனர். பொருந்தியது ஒன்றுதான்: ஏறத்தாழ 1.05 மைக்ரான் ஆரமுள்ள உருண்டைத் துளிகள், பச்சை ஒளிக்கு 1.44 என்ற ஒளிவிலகல் எண். நீருக்கு அது 1.33, பனிக்கு 1.31, ஆகவே வெள்ளியின் மேகத்தை நீராகவோ பனியாகவோ கொண்ட கருத்துகள் அத்துடன் விழுந்தன. அதற்குச் சற்று முன்பு காட்ஃபிரே சில்லும் ஆண்ட்ரூ யங்கும் முன்வைத்திருந்த கந்தக அமிலம், 75 சதவீதச் செறிவில், அந்த எண்ணுக்கு அப்படியே பொருந்தியது. லாரி பேட்டரியில் ஊற்றுவதும் இதே அமிலந்தான், ஆனால் பாதிச் செறிவுகூட அதில் இராது. கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மேகத்தின் வேதியியலை, மாதிரி ஏதும் எடுக்காமல், ஒளியின் தளவிளைவைக் கொண்டே தீர்மானித்த இந்த ஆய்வுக்கு ஈடாகச் சொல்லத்தக்கவை கோளறிவியலில் மிகச் சில.

பிப்ரவரி 14

கோள் பேரொளியோடு இருக்கும் நாள்கள் இவை. துளிகள் உருண்டையானவை, பருமனில் ஒத்தவை என்பதற்கு வேறொரு சான்றும் உண்டு: 2011 ஜூலை 24 அன்று வீனஸ் எக்ஸ்பிரஸ் விண்கலம், சூரியனைத் தன் முதுகுப்புறம் வைத்து மேகத்தைப் படமெடுத்தபோது, 1,200 கிலோமீட்டர் அகலமுள்ள வண்ண ஒளிவளையம் பதிவாயிற்று. ஒழுங்கற்ற துகள்களால் அத்தகைய வளையம் உண்டாகாது.

மார்ச் 23

வெள்ளி இன்று சூரியனுக்கும் பூமிக்கும் இடையே, 4.2 கோடி கிலோமீட்டர் தொலைவில், சூரியனுக்கு வடக்கே ஏறத்தாழ 8 பாகை தள்ளிக் கடக்கிறது; கட்டக் கோணம் 168 பாகை அளவில். இந்த நிலையில் பிறையின் கொம்புகள் அரைவட்டத்தையும் தாண்டி நீளும். 1790-களில் வானியலாளர் ஷ்ரோட்டர் கண்ட இந்த நீட்சி, கிரஷர் தூசியில் கண்ட அதே முன்னோக்கிய சிதறலால் வருவது. மேகத்துக்கு மேல் மிதக்கும் மென்மூட்டமே அதைச் செய்கிறது.

ஜூன் 1

கோள் இப்போது விடியற்காலையில், கிழக்கே தெரிகிறது. அதே கிழக்கில், நேர்க்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையில் காவலூர் வான்நோக்ககம் இருக்கிறது. 1977-இல் யுரேனசின் வளையங்களைக் கண்டறிந்ததில் பங்கு பெற்ற இடம் அது. ஒன்றிய அமைச்சரவை 2024 செப்டம்பரில் 1,236 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்த இஸ்ரோவின் வெள்ளி சுற்றுக்கலம் 2028 மார்ச்சில் புறப்படத் திட்டமிடப்பட்டுள்ளது. அதற்கான கருவிகளுள் தளவிளைவை நிறம் நிறமாகப் பிரித்து அளப்பதும் ஒன்று. ஆனால் 1978-இல் பயனியர் வீனஸ் விண்கலம் கண்ட துருவ மென்மூட்டம் அடுத்த சில ஆண்டுகளிலேயே மெலிந்தது என்பது, இந்த வளிமண்டலம் ஆண்டுக்கணக்கில் மாறுவதைக் காட்டுகிறது. சில ஆண்டுகளே பணியாற்றும் கலம் காண்பதைப் புரிந்துகொள்ள, அதற்கு முன்னும் பின்னும் காவலூர் போன்ற இடங்களில் தரையிலிருந்து தொடரும் அளவீடு வேண்டும். 2026 ஜனவரி 6 அன்று வெள்ளி சூரியனுக்கு அப்புறம் சென்று மீண்ட பிறகு, அந்திவெளிச்சத்தில் கட்டக் கோணம் 15 பாகையைக் கடக்கும் வாரங்களில்தான், அமிலத்துளிகள் உண்டாக்கும் வானவில் தளவிளைவு வளைகோட்டில் மேடாக உயர்ந்து தெரியும். அந்த வாரங்களிலிருந்தே பதிவு தொடங்குவது நல்லது.