வந்து போகிறவர்கள்

தமிழ்ப் பட விமர்சனங்களில் ஒரு வாக்கியம் உண்டு: ‘நாயகி வந்து போகிறார்.’ கொஞ்சம் இரக்கம் வந்தால் ‘கொடுத்த வேலையைச் செய்திருக்கிறார்’ என்று எழுதுவோம். நானும் எழுதியிருக்கிறேன், கை கூசாமல். 2024 ஆகஸ்டில் ஒரு வாரம், அது முடியாமல் போனது.

சுதந்திர தினத்தன்று ‘தங்கலான்’, ‘ரகு தாத்தா’, ‘டிமான்டி காலனி 2’ என்று மூன்று படங்கள் ஒன்றாக வந்திருந்தன. நான் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த வெள்ளி ‘வாழை’யும் ‘கொட்டுக்காளி’யும் வரவிருந்தன. நடுவில், 19ஆம் தேதி திங்கட்கிழமை, கேரளத்தில் ஹேமா குழுவின் அறிக்கை வெளியானது.

2017இல் ஒரு நடிகை கடத்தப்பட்டுப் பாலியல் வன்முறைக்கு ஆளான பிறகு, மலையாளத் திரையுலகப் பெண்கள் சேர்ந்து கேட்டுப் பெற்ற குழு அது. 2019 டிசம்பரில் அரசிடம் கொடுத்த அறிக்கை நான்கரை ஆண்டுக்கு மேல் வெளிவரவில்லை. வந்தபோதும் பல பகுதிகள் நீக்கப்பட்டிருந்தன.

வாய்ப்புக்கு விலையாகப் பெண்களிடம் என்ன கேட்கப்பட்டது என்ற பக்கங்களுக்கு மனதைத் தயார்செய்துகொண்டுதான் படிக்க உட்கார்ந்தேன். ஆனால் என்னை நிறுத்தியது தண்ணீர். வெளிப்புறப் படப்பிடிப்பில் கழிப்பறை இல்லை என்பதால், பெண்கள் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கடத்துகிறார்கள். உடை மாற்ற ஒரு மறைவிடம் இல்லை. துணை நடிகைகளின் நிலைமை இன்னும் மோசம்.

நீளமான படம் என்றால் நானும் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. திரையரங்கக் கழிப்பறைகள் கற்றுக்கொடுத்த பழக்கம். ஆனால் எனக்கு மூன்று மணி நேரம்தான், அதுவும் ஏசியில். அவர்களுக்கு வெயிலில், நாள் முழுக்க.

செவ்வாய்க்கிழமை ‘தங்கலான்’ பார்த்தேன். கங்கம்மாவாக நடித்த பார்வதி, அந்தக் குழுவுக்காகப் போராடிய பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். முதன்முதலாக ரவிக்கை கிடைத்த பெண்கள் ஆடிப் பூரிக்கும் காட்சி வந்தது. வழக்கமாக என் கண் கதாநாயகி மேல்தான் இருக்கும். அன்று அவருக்குப் பின்னால் நின்ற, பெயர் தெரியாத முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ‘கொட்டுக்காளி’. அன்னா பென் நடித்த மீனா, படம் முழுக்க ஏறக்குறைய வாயே திறப்பதில்லை. வழியில் கேட்ட ஒரு பாட்டை அவள் முணுமுணுத்ததற்குப் பாண்டி அடிக்கிறான். தடுக்க வந்த பெண்களையும் அடிக்கிறான். படத்தில் பின்னணி இசை கிடையாது. ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. எனக்குப் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

வசனத்தை எண்ணினால் மீனாவும் ‘வந்து போகிறவள்’தான். ஆனால் மொத்தப் படமும் அவளுடைய மௌனத்தின் மேல்தான் நிற்கிறது. இயக்குநர் வினோத்ராஜ் அப்படி எழுதியிருக்கிறார். அப்படியென்றால் மற்ற படங்களில் வெறுமனே வந்து போகிற பெண்களையும் யாரோ ஒருவர் அப்படித்தானே எழுதியிருக்க வேண்டும்?

அன்றிரவு பழைய விமர்சனங்களை எடுத்து, அந்த வாக்கியம் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். ‘நாயகி வந்து போகிறார்’ என்றால் எழுவாய் அவள். குறை அவளுடையதாகிவிடுகிறது. ‘கொடுத்த வேலை’யில் கொடுத்தவர் யாரென்றே இல்லை. எழுதியவரையும் இயக்கியவரையும் அந்த வாக்கியம் பத்திரமாக ஒளித்துவைக்கிறது. ஒளித்துவைத்த கை என்னுடையது.

மேசையில் வேறொரு படத்தின் விமர்சனம் முடிக்காமல் கிடந்தது. அதில் எழுதினேன்: ‘இயக்குநர் நாயகிக்கு நான்கு காட்சிகளும் இரண்டு பாடல்களும் மட்டுமே கொடுத்திருக்கிறார்.’

மறுநாள் ஆசிரியர் கூப்பிட்டார். “என்னம்மா, அவர் மேல ஏதாவது கோபமா? எப்பவும் எழுதுற மாதிரி எழுதிடலாமே?”

“கோபமெல்லாம் இல்ல சார். நாலு காட்சிதான். எண்ணிப் பாத்துட்டேன்.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “சரி, இருக்கட்டும்” என்றார்.