சாய்கோட்டுக்குப் பின்னால் வந்தவர்கள்

காளிகாட் கோயிலைச் சுற்றியுள்ள சந்துகளில் கதவிலக்கங்களுக்கு நடுவே சாய்கோடுகள் மிகுதி. பெரிய மனை பாகம் பிரியும்போது, பழைய எண்ணுக்குப் பின் ஒரு சாய்கோடும் எண்ணும், சில வேளை ஓர் எழுத்தும் சேர்ந்து புதிய இலக்கம் பிறக்கிறது. பழைய பட்டியலைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த வீடு இல்லாத வீடு.

இணைய முகவரிகளும் தொகுதியாகவே பிரிகின்றன. எழுதும் முறையிலும் அதே சாய்கோடுதான். எவருக்கும் ஒதுக்கப்படாத முகவரியிலிருந்து வரும் தரவு பெரும்பாலும் போலி என்பதால், அத்தகைய தொகுதிகளை ரூட்டரிலேயே தடுப்பது நல்ல வழக்கமாகக் கருதப்பட்டது. அம்முகவரிகளுக்குப் 'போகான்' என்று பெயர். தடுப்பை எழுதியவர் பணி மாறிச் சென்றுவிடுவார். எழுதிய வரி அங்கேயே இருக்கும்.

2002இல் வட அமெரிக்கப் பதிவகத்திற்கு 69 என்று தொடங்கும் தொகுதி வழங்கப்பட்டபோது இந்தக் குறை வெளிப்பட்டது. முறைப்படி முகவரி பெற்றவர்களுக்குப் பல தளங்கள் திறக்கவில்லை. 2010 ஜனவரியில் ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக் 1, 27 ஆகிய தொகுதிகளைப் பெற்றது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 1 கோடியே 67 லட்சம் முகவரிகள். அவற்றில் ஒரு பங்கு இந்தியாவுக்கும் வந்தது. 2018 ஏப்ரலில் கிளவுட்ஃபிளேர் 1.1.1.1 என்ற முகவரியில் பொதுச் சேவை தொடங்கியபோதும் அது சில வலையமைப்புகளில் எட்டவில்லை. ஒதுக்கீடு நடந்து எட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன!

காளிகாட்டுச் சந்தொன்றில் வாடகை அறையில் இருக்கும் மாணவி ஒருத்தி, கடைசி நாளன்று உதவித்தொகை விண்ணப்பத்தைத் திறக்க முயல்கிறாள் என்று கொள்வோம். பக்கம் சுழன்றுகொண்டே இருக்கிறது. தடுக்கப்பட்டதாக ஓர் அறிவிப்புக்கூட வராது. தரவு ஓசையின்றி வீசப்படும். கைப்பேசிச் சேவையில் ஒரே பொது முகவரியைப் பலர் பகிர்வதால் தவிப்பவள் அவள் ஒருத்தி மட்டுமல்லள். தடுத்தவருக்கோ இழப்பு ஏதும் தெரியாது. வராத விருந்தினரை அவர் எப்படி எண்ணுவார்? காலாவதியான வடிகட்டி, வடிகட்டியே இல்லாததைவிடக் கேடானது என்று சொல்லத் தோன்றுவது இதனால்தான்.

2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பின் கடைசி ஐந்து பெருந்தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பட்டன. ஏப்னிக்குக்கு 103 கிடைத்தது; பிந்தி வந்த சிறு சேவையாளர்கள் அதிலிருந்து தலைக்கு 1,024 முகவரிகள் வரையே பெற முடிந்தது. அத்தொகுதியை இன்னும் மூடிவைத்திருக்கும் ரூட்டர், பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டுத் தெருமுனைச் சேவையாளரைத் தண்டிக்கிறது.

ஆறாம் பதிப்பு முகவரிகளில் ஒதுக்கீடு இன்றும் தொடர்கிறது. அங்கே கையால் எழுதிய பட்டியல் பயன்படாது. டீம் கம்ரி போன்ற அமைப்புகள் புதுப்பித்துத் தரும் பட்டியலோடு ரூட்டரைத் தானாக இணைத்துவைக்க வேண்டும். நான்காம் பதிப்பில் வேலை எளிது: 10, 127, 240 முதலான நிரந்தர ஒதுக்கங்களை வைத்துக்கொண்டு, 1, 14, 27, 49, 101, 103, 223 என்ற முழுத் தொகுதிகளைத் தடுக்கும் வரி எங்கேனும் எஞ்சியிருந்தால் அதை நீக்கிவிடலாம். பல்கலைக்கழகக் கணினி மையத்தில் அதற்கு ஒரு பிற்பகல் போதும்.