ஜன்னலோர டம்ளர்

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். எனக்குப் போனவை இடது கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு. சொல் தப்பித்தது, முறுக்கும் வேர்க்கடலையும் போயின. வலது பக்கம்தான் இருக்கிறதே என்று நான்கு வருடம் ஓட்டிவிட்டேன்.

போன ஆடியில் வலது பக்கமும் கூச ஆரம்பிக்கவே, பல் டாக்டரிடம் போனேன். என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. அந்தச் சொத்தையை அடைத்துவிட்டு, எக்ஸ்ரேயைக் காட்டினார். "பாருங்க சார், பல் இல்லாத இடத்துல தாடை எலும்பு கரைஞ்சிருக்கு. எதிர்ல பல் இல்லாததால மேல் பல்லும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கு." சும்மா கிடக்கிறது என்று நான் நினைத்த இடம் சும்மா இருக்கவில்லை.

மூன்று வழி சொன்னார். ஒன்று பிரிட்ஜ். இரு பக்கத்துப் பற்களையும் ராவி, அவற்றின் மேல் உறை மாட்டி, நடுவில் பொய்ப்பல்லைத் தாங்க வைப்பது. எனக்கு அது சரிவராது. பின்பக்கம் தாங்குவதற்கு ஞானப்பல் இல்லை. இரண்டாவது இம்ப்ளான்ட். எலும்பில் டைட்டானியம் திருகைப் பதித்து, அது எலும்போடு பிடிக்கச் சில மாதம் பொறுத்து, மேலே பல் வைப்பது. ஸ்வீடனைச் சேர்ந்த டாக்டர் பிரனெமார்க் 1965-இல் ஒரு நோயாளிக்கு வைத்துப் பார்த்த முறை. மூன்றாவது, கழற்றி மாட்டும் பல்செட்.

"செலவானா ஆகட்டுங்க, திருகுப் பல்லே வச்சுக்குங்க" என்றாள் மனைவி. எனக்கும் அதே ஆசை. ஆனால் மூன்று மாத சராசரி சர்க்கரை 9.2. "இந்த அளவுல புண் ஆறத் தாமதமாகும் சார், திருகு பிடிக்காமலும் போகலாம். ஏழு கிட்ட வரட்டும். அதுவரைக்கும் பல்செட் போட்டுக்குங்களேன்" என்றார் டாக்டர்.

"அது மட்டும் வேண்டாம்மா" என்று எழுந்து வந்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இரவில்தான் புரிந்தது.

அப்பாவின் பல்செட் ராத்திரியில் ஜன்னலோரம் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கிடக்கும். பத்து வயதில் ஒருநாள் அதைக் கூட்டாளிக்கு வேடிக்கை காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தேன். அப்பா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டார். திட்டவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். மறுநாளிலிருந்து அந்த டம்ளர் ஜன்னலில் இல்லை. எங்கே வைத்தார் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. அந்த டம்ளருக்குப் பயந்துதான் நான்கு வருடம் டாக்டர் பக்கமே போகாமல் இருந்திருக்கிறேன்.

மறுவாரம் அளவு கொடுத்தேன். முதல் பத்து நாள் ஈறு புண்ணாயிற்று. டாக்டர் இரண்டு முறை தேய்த்துச் சரிசெய்தார். பேச்சு கொஞ்சம் குழறியது. இப்போது பழகிவிட்டது. வறுத்த கடலை முடியாது, அவித்தது முடியும். இரவில் கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, பச்சைத் தண்ணீரில் போடுகிறேன். வெந்நீர் பட்டால் வளைந்துவிடுமாம். நடைப்பயிற்சியில் சர்க்கரை 7.8-க்கு வந்திருக்கிறது. ஏழைத் தொட்டதும் திருகுப் பல்லா, இதுவே போதுமா என்று யோசிக்கலாம்.

டம்ளரை ஜன்னலோரமே வைத்திருக்கிறேன். நேற்று பேரன் அதை உற்றுப் பார்த்து, "தாத்தா, இது எப்படிக் கடிக்கும்?" என்று கேட்டான். எடுத்து மாட்டிக் காட்டினேன்.