கோணலான தோலுக்கு ஒரு புரோகிராம்

கல்லூரியில் கணினி அறிவியல் படித்தபோது எங்கள் கோடிங் பயிற்சியெல்லாம் அடுத்தவர் போட்ட கணக்குகளில்தான். 2001-ல் தொடங்கிய ‘புராஜெக்ட் ஆய்லர்’ அவற்றில் மூத்தது. ஆயிரத்துக்குக் கீழே 3 அல்லது 5-ஆல் வகுபடும் எண்களின் கூட்டுத்தொகை கேட்பது அதன் முதல் கணக்கு, விடை 2,33,168. 2015 முதல் டிசம்பர்தோறும் ‘அட்வென்ட் ஆஃப் கோட்’ வருகிறது. நம் நேரப்படி காலை பத்தரைக்குப் புதுக் கணக்கு திறக்கும். லூப், ரிகர்ஷன், கிராஃப் எல்லாம் கைக்குப் பழகியது இவற்றால்தான். எந்த மாணவரையும் இவற்றைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். ஆனால் இவை எல்லாவற்றிலும் விடை ஏற்கெனவே ஒருவர் கையில் இருக்கிறது. விடை சரி என்று பச்சை விழுந்ததும் மனம் அடுத்த கணக்குக்குத் தாவிவிடும்.

எனக்குக் கோடிங் தொழிலைக் கற்றுக்கொடுத்தது, எங்கள் ஆம்பூர் தோல் வேலையிலிருந்து நானே எனக்குப் போட்டுக்கொண்ட கணக்கு. தோலைச் சதுர அடியில் விற்கிறார்கள். தோலுக்கு நேரான ஓரம் ஏது? கழுத்து குறுகி, வயிற்றுப் பக்கம் வளைந்து, கால் இருந்த இடங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். டேனரியில் அளப்பதற்கு மெஷின் உண்டு. செல்போனில் எடுத்த ஒரு படத்தைப் பார்த்து அந்தப் பரப்பைச் சொல்ல முடியுமா?

ஷூலேஸ் சூத்திரம் எளிது. ஓரத்தைச் சுற்றிப் புள்ளி வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளின் எண்களைக் குறுக்கே பெருக்கி, கழித்து, எல்லாவற்றையும் கூட்டிப் பாதியாக்கினால் பரப்பு. பத்து வரியில் முடிந்துவிடும். கஷ்டம் அதற்கு வெளியே இருக்கிறது. படத்தில் ஒரு பிக்சல் எத்தனை சென்டிமீட்டர்? தோலோடு ஒட்டித் தரையில் ஓர் ஏ4 தாளை விரித்தேன்: 21-க்கு 29.7 செ.மீ. கேமரா சற்றே சாய்ந்தாலும் படத்தில் தாள் செவ்வகமாக இருக்காது. அதன் நான்கு மூலைகளைப் பிடித்து முழுப் படத்தையும் நிமிர்த்த வேண்டும். அதற்கு மேட்ரிக்ஸ் வேண்டும். பரீட்சைக்காக உருப்போட்ட மேட்ரிக்ஸ் எதற்கு என்பது அப்போதுதான் விளங்கியது.

சரி, வரும் எண் சரியா? பச்சை காட்ட இங்கே ஆளில்லை. அட்டையில் அளவு தெரிந்த வட்டமும் முக்கோணமும் வெட்டிப் படமெடுத்தேன். பிறகு நடுவில் ஓட்டை போட்ட அட்டை, ஏனென்றால் தோலிலும் ஓட்டை வரும். பிறகு வெள்ளைத் தரையில் வெள்ளை அட்டை. எங்கே சறுக்கும் என்று யோசித்து யோசித்து டெஸ்ட் கேஸ் எழுதும் பழக்கம் எனக்கு அங்கே வந்தது. புரோகிராம் எழுதியதைவிட இதற்குத்தான் அதிக நேரம் போனது, போனதும் நியாயம்.

அடுத்து வேம்ப், குவாட்டர், டங் என்று ஷூவின் மேல்பாகத் துண்டுகளை ஒரே தோலில் வேஸ்டேஜ் குறைய அடுக்குவது. கணினி அறிவியல் இதை ‘என்பி-ஹார்ட்’ என்று வகைப்படுத்துகிறது. துண்டுகள் பெருகினால் மிகச் சிறந்த விடையை வேகமாகத் தரும் வழி இதுவரை யாருக்கும் தெரியாது. ஒரு வரி எழுதும் முன்பே, கட்டிங்கில் தலை நரைத்த ஒரு பாயிடம் போய் உட்கார்ந்தேன். “மொதல்ல முதுகப் பாரு தம்பி. வயித்துப் பக்கம் இழுபடும், அங்க வேம்ப் வைக்காத” என்றார். தோல் எந்தத் திசையில் நீளும் என்று பார்க்க வேண்டும். இடது, வலது ஜோடிக்கு நிறம் ஒத்துப்போக வேண்டும். உண்ணி கடித்த தழும்பு, இன்னொரு துண்டு மூடும் இடத்துக்குப் போகலாம். அவர் சொன்ன ஒவ்வொன்றும் என் புரோகிராமில் ஒரு நிபந்தனை ஆயிற்று. பெரிய துண்டு முதலில், சிறியது இடுக்கில் என்ற எளிய முறையே இந்த நிபந்தனைகளோடு சேர்ந்ததும் அவர் தலையசைக்கும் அளவுக்கு வந்தது. இந்த வேலைக்கென்றே விலையுயர்ந்த இயந்திரங்கள் உலகில் உண்டு. அவற்றோடு போட்டி போடுவது மாணவனின் வேலை அல்ல. அவை எதைக் கணக்கில் எடுக்கின்றன என்று புரிந்துகொள்வதே பெரிய லாபம்.

வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் கோடிங் படிக்கும் தம்பி தங்கைகளே, வரும் செமஸ்டர் விடுமுறையில் வீட்டிலிருந்தே ஒரு கணக்கை எடுங்கள். வீட்டில் ஷூ அப்பர் தைக்கும் அம்மாவின் பீஸ் ரேட் கூலியாக இருக்கட்டும். விடை சரியா என்று பார்க்கும் வழியை முதலில் எழுதுங்கள். பிறகு புரோகிராமைத் தொடங்குங்கள்.