சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம் யாரை வெளியே நிறுத்துகிறது?

2014 அக்டோபர் 6, திங்கட்கிழமை. தீபாவளிக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, காலை 8 மணிக்கு 'பிக் பில்லியன் டே' தள்ளுபடி விற்பனையைத் தொடங்கியது ஃப்ளிப்கார்ட். சச்சின் பன்சால், பின்னி பன்சால் இருவரும் 2007-ல் பெங்களூரில் ஒரு சின்ன அடுக்ககத்தில் புத்தகம் விற்கத் தொடங்கிய நிறுவனம் அது. அந்த வீட்டின் எண் 610. அதனால்தான் பத்தாம் மாதத்தின் ஆறாம் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பத்தே மணி நேரத்தில் 10 கோடி டாலர், அதாவது சுமார் 600 கோடி ரூபாய் விற்பனை என்று அறிவிப்பு வந்தது. கணக்குப் புத்தகத்தில் அது வெற்றி. போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எத்தனையோ பேருக்கு அது வேறு மாதிரி நாள். பக்கம் திறக்கவில்லை. திறந்தவர்களுக்குப் பொருள் தீர்ந்துபோயிருந்தது. வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்த சிலருக்கு, ஆர்டர் ரத்து என்ற தகவல் வந்தது.

மறுநாள் நிறுவனர்கள் இருவரும் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார்கள். கிட்டத்தட்ட 5,000 சர்வர்களைத் தயாராக வைத்திருந்ததாகவும், வழக்கத்தைவிட 20 மடங்கு கூட்டத்துக்குத் திட்டமிட்டிருந்ததாகவும், வந்த கூட்டம் அதையும் தாண்டிவிட்டதாகவும் அதில் சொன்னார்கள். பழியை யார் மீதும் போடாத கடிதம் அது.

5,000 சர்வர் இருந்தும் ஏன் திணற வேண்டும்? ஒரு ஜவுளிக்கடையை நினைத்துப் பார்த்தால் புரியும். தீபாவளிக்கு இருபது பில் கவுன்டர் போடலாம். ஆனால், 'அந்தச் சேலை இன்னும் இருக்கிறதா?' என்று கேட்க எல்லா கவுன்டரிலிருந்தும் ஒரே ஸ்டாக் நோட்டைத்தான் புரட்ட வேண்டும் என்றால், கூட்டம் அந்த நோட்டின் முன்னால் தேங்கி நின்றுவிடும். இணையக் கடைகளில் பொதுவாக நடப்பதும் இதுதான். முகப்புப் பக்கத்தை ஆயிரம் சர்வர்கள் பகிர்ந்து காட்டலாம். கடைசிப் பொருளை யாருக்குக் கொடுப்பது என்ற முடிவை மட்டும் அப்படிப் பகிர்வது கடினம்.

அடுத்த ஆண்டு ஃப்ளிப்கார்ட் பாடம் கற்றிருந்தது. ஒரே நாளில் குவிந்த கூட்டத்தை அக்டோபர் 13 முதல் 17 வரை ஐந்து நாள்களுக்குப் பிரித்துப் போட்டது. ஆனால், அந்த விற்பனை செயலியில் மட்டும்தான். அந்த ஆண்டு போனின் பிரவுசரில் ஃப்ளிப்கார்ட் முகவரியைத் தட்டினால் கடை திறக்காது. செயலியைப் பதிவிறக்கச் சொல்லும். அதன் துணை நிறுவனமான மிந்த்ரா இன்னும் ஒரு படி மேலே போய், 2015 மே மாதம் இணையதளத்தையே மூடிவிட்டுச் செயலிக்குள் குடியேறியது.

வியாபாரக் கணக்கில் இதற்குக் காரணம் உண்டு. செயலியை ஒருமுறை ஏற்றிவிட்டால் வாடிக்கையாளர் அடிக்கடி வருவார். 'உங்களுக்காகவே ஒரு சலுகை' என்று நேரடியாகத் தகவல் அனுப்பலாம். குளிரூட்டிய அறையில், நல்ல வைஃபையில், புத்தம் புது போனில் பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

அந்த அறைக்கு வெளியே நிலைமை வேறு. அப்போது 4 ஜிபி நினைவகம் கொண்ட மலிவு விலை ஆண்ட்ராய்டு போன்கள் சாதாரணம். அதில் புதிதாக ஒரு செயலியை ஏற்ற வேண்டுமென்றால், ஏற்கெனவே இருக்கும் எதையாவது அழிக்க வேண்டும். குழந்தையின் பிறந்தநாள் வீடியோவா, கோயிலுக்குப் போன படங்களா? ஒரே ஒரு குக்கர் வாங்குவதற்காக யாரும் அவற்றை அழிக்க மாட்டார்கள். 'பிறகு பார்க்கலாம்' என்று போனை வைத்துவிடுவார்கள். அவர்கள் புகார் செய்வதும் இல்லை. அதனால் நிறுவனத்தின் எந்த அறிக்கையிலும் அவர்கள் வருவதில்லை.

வேகமும் அப்படித்தான். 2 எம்.பி. எடையுள்ள ஒரு பக்கம், நொடிக்கு 10 மெகாபிட் வேகம் இருந்தால் இரண்டு நொடிக்குள் வந்துவிடும். நொடிக்கு 100 கிலோபிட் மட்டுமே கிடைக்கும் 2ஜி இணைப்பில் அதே பக்கம் வந்துசேர 160 நொடி ஆகும். ஒரு நொடி வரை காத்திருந்தால் மனிதரின் எண்ண ஓட்டம் அறுபடாது. பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறு எங்கோ போய்விடும் என்று ஜேக்கப் நீல்சன் 1993-லேயே எழுதிவிட்டார். 160 நொடி என்பது கிட்டத்தட்டக் கதவைச் சாத்துவதற்குச் சமம்.

2015 நவம்பரில் ஃப்ளிப்கார்ட் அந்தக் கதவைத் திரும்பத் திறந்தது. கூகுளின் குரோம் குழுவோடு சேர்ந்து 'ஃப்ளிப்கார்ட் லைட்' என்ற புதிய மொபைல் தளத்தைக் கொண்டுவந்தது. பதிவிறக்கம் வேண்டாம்; பிரவுசரிலேயே திறக்கும். முதல் முறை வரும்போதே கடையின் அமைப்பைப் போனுக்குள் சேமித்துவைத்துக்கொள்ளும். அடுத்த முறை விலை, படம் போன்ற புதிய விஷயங்கள் மட்டும் வந்தால் போதும். டேட்டா செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது.

பின்னர் கூகுள் வெளியிட்ட விவரங்களில் ஓர் எண் கவனிக்க வேண்டியது. ஃப்ளிப்கார்ட் லைட்டுக்கு வந்தவர்களில் 63 சதவிகிதம் பேர் 2ஜி இணைப்பில் வந்தவர்கள். முன்பு சராசரியாக 70 நொடிகள் மட்டுமே தளத்தில் இருந்தவர்கள், இப்போது மூன்றரை நிமிடம் தங்கினார்கள். ஆர்வமோ பணமோ இல்லாதவர்கள் அல்ல அவர்கள். உள்ளே வர ஒரு வழி இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான். மிந்த்ராவும் 2016-ல் இணையதளத்தை மறுபடி திறந்துவிட்டது.

இணையதளத்தின் வேகம் என்றதும் அதைக் கணினிப் பிரிவின் தலைவலி என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆனால் இந்தக் கதையில் தவறாகப் போனதும் சரியானதும் நிர்வாகத்தின் முடிவுகளால்தான். எவ்வளவு கூட்டத்துக்குத் தயாராவது, விற்பனையை ஒரு நாளில் வைப்பதா ஐந்து நாள் வைப்பதா, செயலி இல்லாதவரை வாடிக்கையாளராக மதிப்பதா வேண்டாமா? இவற்றை எந்த சர்வரும் தீர்மானிப்பதில்லை. மனிதர்கள்தான் தீர்மானிக்கிறார்கள்.

இன்று மாவு விற்பவர் முதல் மருத்துவமனை நடத்துபவர் வரை எல்லோருக்கும் இணையதளம் இருக்கிறது. அது எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. வீட்டில் இருப்பதிலேயே பழைய போனை எடுத்து, வைஃபையை அணைத்துவிட்டு, ஊருக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து சொந்தக் கடையைத் திறந்து பார்த்தால் போதும். பத்து நொடி கழித்தும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், எத்தனை பேர் சொல்லாமல் திரும்பிப் போயிருப்பார்கள் என்பது முதலாளிக்குத் தானாகப் புரியும்.